நாய்க்குட்டி வாங்குமுன்: ப்யூர் ப்ரீடா, கலப்பா என்று பார்ப்பது எப்படி? முழு வழிகாட்டி

8 வாரக் குட்டி ஒன்றைக் கையில் தூக்கிப் பார்த்து "இது ஒரிஜினல்தான்" என்று அடித்துச் சொல்வது, அந்த இனத்தோடு வருஷக்கணக்கில் புழங்கியவர்களுக்கே கஷ்டம். அந்த வயதில் காது நிமிர்ந்திருக்காது, நிறம் மாறிக்கொண்டிருக்கும், உடம்பில் இருப்பது குட்டி ரோமம், மூஞ்சியின் நீளம் இன்னும் முடிவாகியிருக்காது. ஆனால் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் நம்புவது அந்த ஒரு பார்வையைத்தான். விற்பவர் குட்டியைக் கையில் கொடுப்பார், அது விரலை நக்கும், வீட்டில் யோசித்து வைத்த கேள்விகள் அத்தனையும் அந்த நிமிஷமே மறந்துபோகும்.

அதனால் இங்கே வரிசையை மாற்றிச் சொல்கிறேன். குட்டியைப் பார்ப்பது கிட்டத்தட்ட கடைசி வேலை. முதலில் இனத்தைப் பற்றிப் படிப்பது, அப்புறம் விற்பவரிடம் பேச்சு, அப்புறம் தாய் நாய், காகிதம், காகிதத்தில் உள்ள தேதிகள், சிப் எண். இதெல்லாம் ஒத்துப்போன பிறகுதான் குட்டியின் உடம்பு. அதற்கும் மேல் சந்தேகம் இருந்தால் டிஎன்ஏ.

கலப்பினக் குட்டி மட்டம் என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். நல்ல வீட்டுக்குப் போனால் எந்தக் குட்டியும் நல்ல நாயாகும். பிரச்சினை பொய்யில் இருக்கிறது. எந்த அளவுக்கு வளரும், எவ்வளவு ரோமம் கொட்டும், எவ்வளவு ஓட்டம் தேவை, எந்தப் பரம்பரை நோய்க்குக் கவனமாக இருக்க வேண்டும் என்பதையெல்லாம் இனத்தை வைத்துத்தான் கணக்கு போடுகிறோம். இனமே பொய்யென்றால் அந்தக் கணக்கு முழுக்கத் தப்பாகி, கடைசியில் அவதிப்படுவது அந்த நாய்தான்.

படி 1: ப்யூர் ப்ரீட் என்பது எதை வைத்து முடிவாகிறது

ஒரு நாயின் தாயும் தகப்பனும் ஒரே இனத்தில் பதிவானவை, அவற்றின் பெற்றோரும் அப்படியே, இந்தச் சங்கிலி பல தலைமுறைக்குப் பின்னால் போகிறது என்று ஒரு பதிவேடு சொல்கிறது. அதற்குப் பெயர்தான் ப்யூர் ப்ரீட். இந்தப் பதிவு முறை ரொம்பப் பழையதும் கிடையாது. நாய் இனங்களைப் பதிவு செய்யும் அமைப்பான பிரிட்டனின் கென்னல் கிளப் 1873-இல் தொடங்கியது, அமெரிக்கன் கென்னல் கிளப் 1884-இல், பல நாட்டுக் கிளப்புகளை இணைக்கும் எஃப்சிஐ 1911-இல். பெரும்பாலான இனங்களுக்கு இந்தப் பதிவேடு மூடப்பட்டது, அதாவது வெளியிலிருந்து புதிய நாய் உள்ளே வர முடியாது.

விதிவிலக்கும் உண்டு. டால்மேஷியன் நாய்களுக்குச் சிறுநீரில் யூரிக் அமிலம் அதிகம் சேர்ந்து கல் உண்டாகிற மரபுக் குறை இனம் முழுக்கவே இருந்தது. அதைச் சரிசெய்ய 1973-இல் ராபர்ட் ஷைபிள் என்ற மரபியலாளர் ஒரே ஒரு முறை பாயின்டர் இனத்தோடு கலந்து, பிறகு வந்த தலைமுறைகளைத் திரும்பத் திரும்ப டால்மேஷியனோடே சேர்த்தார். அந்த வழி வந்த நாய்களை அமெரிக்கன் கென்னல் கிளப் ஏற்றுக்கொண்டது 2011-இல். ஆரோக்கியத்துக்காகத் திறந்த கணக்கோடு செய்த கலப்பு அது. மறைத்து விற்கப்படுகிற கலப்பை அதோடு சேர்த்துப் பேச முடியாது.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள்: பதிவு இருக்கிறது என்றால் பெற்றோர் யார் என்று எழுதப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். குட்டி ஆரோக்கியமானது, நல்ல குணமுள்ளது என்பதற்கு அது உத்தரவாதம் ஆகாது.

படி 2: விலை கேட்கும் முன் இனத்தின் தரநிலையைப் படியுங்கள்

ஒவ்வொரு இனத்துக்கும் கென்னல் கிளப்புகள் எழுதிவைத்த தரநிலை இருக்கிறது. உயரம், எடை, ரோமம், ஏற்றுக்கொள்ளப்பட்ட நிறங்கள், தகுதி நீக்கம் செய்யும் குறைகள் எல்லாம் அதில் வரும். இலவசமாகவே படிக்கலாம். படிக்கும்போது நிறப் பட்டியலை மட்டும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் ஏமாற்று அதிகம் நடப்பது நிறத்தில்தான். லேப்ரடாருக்குக் கறுப்பு, மஞ்சள், சாக்லேட் என்று மூன்றே நிறம். "சில்வர் லேப்", "சார்கோல் லேப்" என்பதெல்லாம் தரநிலையில் இல்லை. பிரெஞ்ச் புல்டாக் இனத்துக்கு மெர்ல், அதாவது சாம்பல் பின்னணியில் கிழிந்த மாதிரி திட்டுகள் வரும் நிறம், தரநிலையில் இல்லை. அபூர்வ நிறம் என்று சொல்லி யாராவது அதிக விலை கேட்டால், அந்த நிறம் எந்த வழியாக உள்ளே வந்தது என்று நீங்கள் கேட்டே ஆக வேண்டும்.

அளவு பற்றிய விளம்பர வார்த்தைகளும் இதே கதைதான். "டீகப்" என்று எந்தப் பெரிய கென்னல் கிளப்பிலும் ஒரு இனம் கிடையாது. "ஹெவி போன்", "சாம்பியன் பிளட்லைன்" என்பவை காகிதத்தில் காட்டாதவரை வெறும் பேச்சு. பொமரேனியன் என்று சொல்லி அதைவிடப் பெரிய ஸ்பிட்ஸ் வகைகளை விற்பது ரொம்பச் சாதாரணமாக நடக்கிறது. அமெரிக்கத் தரநிலைப்படி வளர்ந்த பொமரேனியன் சுமார் ஒன்றரையிலிருந்து மூன்று கிலோ சொச்சம்தான். தாய் நாய் 8 கிலோ என்றால் அதன் குட்டி எப்படி வளரும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

வளர்ந்த நாயின் படத்தோடு நிறுத்திவிடாமல், அந்த இனத்தின் குட்டிகள் வாராவாரம் எப்படி மாறும் என்பதையும் தேடிப் பாருங்கள். இது தெரியாமல் நல்ல குட்டியை வேண்டாம் என்று விட்டுவந்தவர்களும் இருக்கிறார்கள். டால்மேஷியன் புள்ளியே இல்லாமல் வெள்ளையாகப் பிறக்கும், புள்ளி தெரிய ஆரம்பிப்பது இரண்டு வாரம் கிட்ட ஆகும்போதுதான். யார்க்‌ஷயர் டெரியர் கறுப்பும் பழுப்புமாகப் பிறந்து, நீலச் சாம்பல் நிறத்துக்கு வர மாதக்கணக்கில் ஆகும். பீகிள் பெரும்பாலும் கறுப்பு வெள்ளையாகப் பிறக்கும், பழுப்பு அப்புறம் தெளிகிறது. ஜெர்மன் ஷெப்பர்டுக்கு 8 வாரத்தில் காது மடங்கியிருப்பது இயல்பு. நிமிர நான்கைந்து மாதம்கூட ஆகலாம்.

படி 3: நேரில் போகும் முன் போனில் கேட்க வேண்டியவை

நேரில் போய்விட்டால் மனசு இளகிவிடும், அதனால் பாதி வேலையைப் போனிலேயே முடித்துவிடுங்கள். தாய் உங்களிடம்தான் இருக்கிறதா, அதைக் குட்டிகளோடு பார்க்க முடியுமா? தகப்பன் எங்கே? எந்தப் பதிவேட்டில் பதிவு, ஈத்துக்குப் பதிவு போட்டாகிவிட்டதா? எத்தனை குட்டி பிறந்தது, என்ன தேதி? பெற்றோருக்கு என்னென்ன மரபு நோய்ப் பரிசோதனை செய்தீர்கள்? இந்த ஐந்துக்கும் நல்ல ப்ரீடர் தயங்காமல் பதில் சொல்வார். சொல்லிவிட்டு உங்களையே விசாரிக்க ஆரம்பிப்பார்: வீட்டில் யார் இருக்கிறார்கள், பகலில் நாயை யார் பார்ப்பார்கள், முன்னால் நாய் வளர்த்ததுண்டா என்று. அப்படி விசாரிப்பதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். குட்டி எங்கே போகிறது என்று கவலைப்படுகிற ஆள் என்பதற்கு அதைவிட நல்ல அறிகுறி இல்லை.

பரிசோதனை பற்றிக் கேட்கும்போது இனத்தின் குறிப்பிட்ட நோயைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். லேப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட் என்றால் இடுப்பு மூட்டு எக்ஸ்ரே. டோபர்மேன் என்றால் இதயத் தசை நோயும், ரத்தம் சரியாக உறையாத வான் வில்பிராண்ட் குறைபாடும். டால்மேஷியன் என்றால் காது கேட்கும் பரிசோதனை. "எங்கள் நாய்க்கு ஒரு நோயும் வந்ததில்லை" என்பது பதில் ஆகாது, பரிசோதனை அறிக்கைதான் பதில். இனத்தை உண்மையிலேயே வளர்க்கிறவருக்கு அந்த இனத்தின் வியாதிகள் மனப்பாடமாக இருக்கும்.

கூடவே விளம்பரப் படத்தை எடுத்து இணையத்தில் படத் தேடல் போடுங்கள். அதே குட்டி வேறு விளம்பரத்தில், வேறு பெயரில் வந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். சந்தேகம் இருந்தால் வீடியோ காலில் குட்டியையும் தாயையும் ஒன்றாகக் காட்டச் சொல்லுங்கள்.

படி 4: தாயைப் பாருங்கள், குட்டிகளோடு சேர்த்துப் பாருங்கள்

தாய் இல்லாமல் குட்டி மட்டும் விற்கப்படுகிற இடத்தில் இனத்தை நிச்சயப்படுத்த வழியே இல்லை என்று நினைத்துக்கொள்ளுங்கள். "தாய் ஊரில் இருக்கிறது", "டாக்டரிடம் போயிருக்கிறது", "ஆள் பார்த்தால் கடிக்கும்" என்று காரணம் வந்தால் வேறு நாள் வருகிறேன் என்று கிளம்புங்கள்.

தாயாகக் காட்டப்படும் நாய் உண்மையிலேயே தாயா என்பதையும் பார்க்க வேண்டும். அழகான ஒரு பெட்டை நாயைக் கட்டிவைத்து அதுதான் அம்மா என்று சொல்வது பழைய தந்திரம். சமீபத்தில் ஈன்று பால் கொடுத்த நாய்க்கு முலைகள் தொங்கி, காம்புகள் தடித்து, சுற்றிலும் ரோமம் குறைந்திருக்கும், உடம்பும் கொஞ்சம் இளைத்திருக்கும். குட்டிகளை அவிழ்த்துவிடச் சொல்லுங்கள். அவை அதனிடம் ஓடி வயிற்றுக்கடியில் முட்டுகின்றனவா, அது அவற்றை முகர்ந்து நக்குகிறதா, இல்லை முறைத்துக்கொண்டு விலகுகிறதா என்று ஐந்து நிமிஷம் சும்மா நின்று பாருங்கள். பால் மறக்கடிக்கும் காலத்தில் பெற்ற தாயே குட்டியைத் தள்ளிவிடுவது உண்டு, ஆனால் தெரிந்த குட்டியைத் தள்ளுவதற்கும் தெரியாத குட்டியைக் கண்டு உறுமுவதற்கும் வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

தகப்பன் அங்கே இல்லாதது தப்பில்லை. நல்ல ப்ரீடர்கள் வெளியே போய்த்தான் மேட்டிங் செய்துகொண்டு வருவார்கள். அதற்கு ஆண் நாயின் பதிவுக் காகித நகல், உரிமையாளர் கையெழுத்து, மேட்டிங் தேதி இவை இருக்க வேண்டும்.

பலருக்குத் தெரியாத ஒரு விஷயம்: ஒரே ஈத்தில் பிறந்த குட்டிகளுக்கு இரண்டு தகப்பன் இருக்க முடியும். பெட்டை நாய் பருவத்தில் இருக்கும் நாட்களில் ஒன்றுக்கு மேற்பட்ட ஆணோடு சேர்ந்தால், சில குட்டி ஒருவனுடையதாகவும் சில குட்டி இன்னொருவனுடையதாகவும் பிறக்கும். தாய் சுத்தமான இனம், பதிவான ஆணோடு மேட்டிங்கும் நடந்தது, ஆனால் இரண்டு நாள் கழித்து வேலி தாண்டி வந்த நாயும் சேர்ந்துவிட்டது என்றால், விற்பவருக்கே தெரியாமல் கலப்பு வந்திருக்கும். அதனால் ஈத்து முழுவதையும் சேர்த்துப் பாருங்கள். ஒன்றிரண்டு குட்டி மட்டும் எலும்பிலும் தலையிலும் நிறத்திலும் தனியாகத் தெரிந்தால், உங்களுக்குப் பிடித்த குட்டி எந்தப் பக்கம் என்று யோசியுங்கள்.

படி 5: காகிதத்தைப் படிப்பது, முக்கியமாகத் தேதிகளை

எல்லாவற்றையும்விட நேரம் ஒதுக்க வேண்டிய இடம் இதுதான். சர்டிஃபிகேட் இருக்கிறதா என்று கேட்பார்கள், இருக்கிறது என்று காட்டுவார்கள், முத்திரையைப் பார்த்துத் திருப்திப்பட்டு வந்துவிடுவார்கள். ஒரு வரியையும் படிப்பதில்லை.

உட்கார்ந்து படியுங்கள். குட்டியின் பதிவுப் பெயர், பதிவு எண், பிறந்த தேதி, ஆணா பெண்ணா, நிறம், தாய் தகப்பன் பெயரும் எண்ணும், ப்ரீடர் பெயர், சிப் எண் என்று இருக்கும். முதலில் கையில் இருக்கும் குட்டியோடு ஒப்பிடுங்கள். காகிதத்தில் மஞ்சள் பெண் குட்டி, கையில் கறுப்பு ஆண் குட்டி என்றால் அது வேறு குட்டியின் காகிதம். சிரிக்க வேண்டாம், வாங்கி மாதக்கணக்கான பிறகு இதைக் கவனிப்பவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்தது தேதிக் கணக்கு. நாயின் சினைக்காலம் சுமார் 63 நாள். மேட்டிங் நடந்த நாளிலிருந்து எண்ணினால் கொஞ்சம் முன்பின் ஆகும், 57-க்குக் குறைவதோ 72-ஐத் தாண்டுவதோ அரிது. மேட்டிங் ஜனவரி 25, பிறப்பு மார்ச் 10 என்று எழுதியிருந்தால் நடுவில் 44 நாள்தான் வருகிறது. அப்படி ஒரு குட்டி பிறந்து பிழைக்காது, ஆகவே இரண்டில் ஒரு தேதி பொய். அப்புறம் அதே தாயின் முந்தைய ஈத்து எப்போது என்று கேளுங்கள், பதிவேட்டில் தேட முடிந்தால் தேடுங்கள். பெட்டை நாய் பருவத்துக்கு வருவது சராசரியாக ஆறேழு மாதத்துக்கு ஒருமுறை. நவம்பரில் ஒரு ஈத்து, மார்ச்சில் இன்னொரு ஈத்து என்று ஒரே தாய்க்குப் பதிவாகியிருந்தால், அந்தத் தாயின் பெயரில் வேறு நாயின் குட்டிகள் பதிவாகின்றனவா என்று சந்தேகப்படுங்கள். தாயின் வயதையும் பாருங்கள். பிரிட்டனின் கென்னல் கிளப் மேட்டிங்கின்போது ஒரு வயது நிறையாத தாய்க்கோ, 8 வயதான தாய்க்கோ பிறந்த குட்டிகளைச் சாதாரணமாகப் பதிவு செய்வதில்லை. மற்றப் பதிவேடுகளுக்கும் இப்படி வயது வரம்புகள் உண்டு.

எண்ணிக்கையும் ஒரு பொறி. ஈத்துப் பதிவில் 6 குட்டி என்று இருக்க, விற்பனைக்கு 9 குட்டி இருந்தால், மூன்று குட்டிக்குக் காகிதம் எங்கிருந்து வரும்? பதிவான ஈத்தில் இறந்துபோன குட்டிகளின் காகிதத்தை வேறு குட்டிக்குப் பொருத்துவது இதே கணக்கின் இன்னொரு பக்கம்.

பெடிகிரி என்று தரப்படும் வம்சப் பட்டியலில் மூன்று தலைமுறை என்றால் 14 பெயர், ஐந்து தலைமுறை என்றால் 62 பெயர் இருக்க வேண்டும். வெற்றிடம் இருந்தால் ஏன் என்று கேளுங்கள். ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தால் அங்கேயும் நில்லுங்கள். அது ப்யூர் ப்ரீட் இல்லை என்பதைக் காட்டாது, நெருங்கிய சொந்தத்துக்குள் கலந்திருக்கிறார்கள் என்பதைக் காட்டும். அண்ணன் தங்கையையோ, தகப்பனையும் மகளையும் சேர்த்தாலோ பிறக்கும் குட்டியின் உள்சேர்க்கை அளவு, அதாவது சொந்தத்துக்குள் கலந்த அளவு, 25 சதவீதம், ஒன்றுவிட்ட அண்ணன் தங்கை என்றால் 6.25. என்னைக் கேட்டால், உள்சேர்க்கை அளவு உயர்ந்த சுத்த இனக் குட்டியைவிட ஆரோக்கியமான கலப்புக் குட்டியை எடுத்துக்கொள்ளச் சொல்வேன்.

பிறகு சிப். தோள்பட்டைகளுக்கு நடுவே தோலுக்கடியில் போடும் இந்த மைக்ரோசிப்பில், சர்வதேசத் தரப்படி 15 இலக்க எண் இருக்கும். கால்நடை மருத்துவரிடம் ஸ்கேனர் இருக்கும், வைத்துப் பார்த்து ஒவ்வோர் இலக்கமாகக் காகிதத்தோடு ஒப்பிடுங்கள். சிப் எண்ணில் இனம் பற்றி ஒன்றும் இருக்காது, பதிவு செய்தவர் எழுதிக்கொடுத்ததுதான் தரவுத்தளத்தில் இருக்கும். ஆனால் இந்தக் காகிதம் இந்த உடம்புக்கு உரியது என்று கட்டிவைப்பது அந்த எண் ஒன்றுதான், ஆகவே தாய்க்கும் ஸ்கேன் செய்து பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது.

கடைசியாக, காகிதம் தந்த அமைப்பு எது? நாயின் படத்தைப் பார்த்தும் பணத்தை வாங்கிக்கொண்டும் எந்த நாய்க்கும் சர்டிஃபிகேட் அடித்துத் தருகிற தனியார் பதிவேடுகள் இருக்கின்றன. பெயர் பெரிய கிளப்பின் பெயரைப் போலவே இருக்கும். காகிதத்தில் இருக்கும் தொலைபேசி எண்ணை நம்பாமல், அமைப்பின் அதிகாரபூர்வ இணையதளத்தை நீங்களே தேடி எடுத்து, பதிவு எண்ணைக் கொடுத்து விசாரியுங்கள். "காகிதம் வந்துகொண்டிருக்கிறது, அடுத்த மாதம் அனுப்புகிறேன்" என்றால் முழுப் பணம் அடுத்த மாதம்தான் என்று சொல்லுங்கள். பெரும்பாலான பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

படி 6: இப்போது குட்டி

முதலில் வயதைச் சரிபாருங்கள், ஏனென்றால் வயது பொய்யென்றால் அளவு, எடை, காது, நிறம் என்று எல்லா ஒப்பீடும் பொய்யாகிவிடும். குட்டியை மடியில் உட்கார வைத்து மேலுதட்டை மெதுவாகத் தூக்குங்கள். முன்பற்கள் வர ஆரம்பிப்பது மூன்று நான்கு வாரத்தில். 8 வாரம் ஆகும்போது பால் பற்கள் 28-உம் கிட்டத்தட்ட வந்திருக்கும்: மேலே ஆறு கீழே ஆறு முன்பல், ஊசி மாதிரி நான்கு கோரைப்பல், மேலும் கீழும் பக்கத்துக்கு மும்மூன்றாகப் பின்னால் கடைவாய்ப் பற்கள். 8 வாரம் என்று சொல்லப்படும் குட்டியின் பின்பக்க ஈறு வழவழவென்று வெறுமையாக இருந்தால் அது ஐந்து வாரக் குட்டியாக இருக்கலாம். சின்னதாக இருக்கிறதே என்று மினியேச்சர் ஆக விற்கப்படுபவற்றில் தாயை விட்டுச் சீக்கிரம் பிரித்த குட்டிகளும் உண்டு. எதிர்ப்பக்கமும் நடக்கும்: நான்கு மாதம் ஆகி முன்பற்கள் விழுந்து பெரிய பல் முளைக்கும் சின்ன இனக் குட்டியை, 8 வாரப் பெரிய இனக் குட்டி என்று காட்டுவார்கள்.

நிறத்தில் சில கணக்குகள் பொய் சொல்லாது. லேப்ரடாரில் தாயும் தகப்பனும் மஞ்சள் என்றால் குட்டி அத்தனையும் மஞ்சளாகத்தான் இருக்க வேண்டும். இரண்டும் சாக்லேட் என்றால் சாக்லேட்டோ மஞ்சளோ வரலாம், கறுப்பு வராது. இரண்டும் கறுப்பு என்றால் மூன்று நிறமும் வரலாம். மஞ்சள் ஜோடி என்று காட்டிவிட்டுக் கறுப்புக் குட்டியைக் கொடுத்தால், அந்தத் தகப்பன் தகப்பனே இல்லை. மெர்ல் நிறமும் இப்படித்தான், பெற்றோரில் ஒன்றிடமாவது அந்த மரபணு இருந்தாக வேண்டும்.

ஒரு இனத்தின் அடையாளம் என்று நாம் நினைக்கும் பல விஷயம் ஆதிக்கக் குணங்கள், அதாவது ஒரு பெற்றோரிடமிருந்து வந்தாலே வெளியே தெரிந்துவிடும். டேக்ஸ்ஹண்டின் குட்டைக் கால் அப்படித்தான். அதற்குக் காரணமான மரபணு 2009-இல் கண்டுபிடிக்கப்பட்டது, ஒரு பிரதி போதும் கால் குட்டையாக. கறுப்பு ரோமமும் ஆதிக்கம், அதனால்தான் லேப்ரடாரோடு எதைக் கலந்தாலும் கறுப்பு லேப் மாதிரியே குட்டிகள் அடிக்கடி பிறக்கின்றன. எதிர்த்திசையிலும் உண்டு: அமெரிக்காவில் ஸ்காட், ஃபுல்லர் என்ற இரு ஆய்வாளர்கள் பசெஞ்சியையும் காக்கர் ஸ்பேனியலையும் கலந்து அடுத்த தலைமுறையையும் வளர்த்துப் பார்த்து, 1965-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அதில் பிறந்த நாய்கள் பலவற்றைப் பார்த்தால் இந்த இரண்டு இனங்களும் ஞாபகத்துக்கே வராது. கண்ணால் பார்த்து இனம் சொல்வதை நம்பக்கூடியது அவ்வளவுதான்.

இத்தனைக்குப் பிறகும் இனத்துக்கு இனம் பார்க்க வேண்டியவை இருக்கின்றன. ராட்வைலர் என்றால் கண்ணுக்கு மேல், கன்னம், மார்பு, கால், வாலடியில் பழுப்புத் திட்டுகள் எல்லை தெளிவாக இருக்க வேண்டும், கறுப்போடு கரைந்து மங்கக் கூடாது. பீகிளுக்கு வால் நுனி வெள்ளை. லேப்ரடாருக்கு வால் அடியில் தடித்து, நுனிக்குப் போகப் போக மெலிந்து, சுற்றிலும் குட்டை ரோமமாக இருக்கும். பின்னால் குஞ்சம் வைத்தால் யோசியுங்கள். டோபர்மேன் வாலைப் பார்த்து ஏமாறாதீர்கள், அந்த இனத்துக்கு இயற்கையில் நீள வாலும் தொங்கும் காதும்தான். வாலை வெட்டிவிட்டால் எந்தக் கறுப்பு பழுப்புக் குட்டியும் டோபர்மேன் மாதிரி தெரியும்.

சில நம்பிக்கைகளை விட்டுவிடலாம். வாய்க்குள் மேலண்ணம் கறுப்பாக இருந்தால் சுத்த இனம் என்பதற்கு ஆதாரம் இல்லை, அது வெறும் நிறமி. பின்னங்காலில் கூடுதல் விரல் இருந்தால் கலப்பு என்பதும் தப்பு, பியூசெரான், பிரையார்ட் போன்ற இனங்களில் பின்னங்காலில் இரட்டைக் கூடுதல் விரல் இருக்க வேண்டும் என்று தரநிலையே கேட்கிறது. நீலக் கண் இருந்தால் ஹஸ்கி என்பதையும் நம்ப வேண்டாம், கண் திறந்த புதிதில் எல்லா இனக் குட்டிக்கும் கண் நீலம் கலந்துதான் இருக்கும்.

படி 7: டிஎன்ஏ, எது எதைச் சொல்லும்

இரண்டு வகைச் சோதனை இருக்கிறது, இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். பெற்றோர் சோதனையில் தாய், தகப்பன், குட்டி மூன்றின் கன்னத்தின் உட்புறத்திலிருந்து பஞ்சுக் குச்சியால் எடுத்த மாதிரியை ஒப்பிட்டு, இந்தக் குட்டி இந்த இரண்டுக்கும் பிறந்ததா என்று சொல்வார்கள். காகிதம் உண்மையா என்பதற்கு இதுதான் நேரான பதில். இரண்டு தகப்பன் சந்தேகத்துக்கும் இதுதான். ஆனால் இது இனத்தைச் சொல்லாது.

இனச் சோதனை வேறு. குட்டியின் மரபணுக் குறிகளை, பல இனங்களின் மாதிரிகள் சேர்த்துவைத்த தரவுத்தளத்தோடு ஒப்பிட்டு சதவீதம் தரும். 50 சதவீதம் வேறு இனம் என்றால் பெற்றோரில் ஒருவர் வேறு, 25 என்றால் தாத்தா பாட்டியில் ஒருவர், 12.5 அளவில் என்றால் அதற்கும் முந்தைய தலைமுறையில் ஒருவர். தலைமுறை பின்னால் போகப் போக இந்த எண் கூடிக் குறையும். ஒன்றிரண்டு சதவீதம் நெருங்கிய உறவுள்ள இன்னொரு இனத்தைக் காட்டினால் அதை வைத்துச் சண்டைக்குப் போக வேண்டாம், அந்த அளவில் சோதனைக்கே தெளிவு கிடையாது. அரிதான இனம் தரவுத்தளத்தில் இல்லையென்றால் அதற்குப் பக்கத்து இனங்களாகப் பிரித்துக் காட்டும். எவ்வளவு நல்ல முடிவு வந்தாலும் இதை வைத்து மட்டும் கென்னல் கிளப்பில் பதிவு வாங்க முடியாது.

மாதிரி எடுக்கும்போது குட்டி தாயிடம் பால் குடித்த உடனே எடுக்கக் கூடாது, தாயின் செல்கள் கலந்துவிடும். மற்றக் குட்டிகளோடு ஒரே தட்டில் தின்ற உடனேயும் வேண்டாம். தனியாகக் கொஞ்ச நேரம் வைத்திருந்து எடுங்கள். முடிவு வர வாரக்கணக்கில் ஆகும், அதனால் பணம் கொடுக்கும் நாளன்று இதைப் பற்றி யோசித்தால் தாமதம்.

படி 8: எழுத்தில் வாங்குங்கள்

வாய்ப்பேச்சு பின்னால் எதற்கும் உதவாது. ஒரு பக்கக் காகிதம் போதும்: குட்டியின் இனம், பிறந்த தேதி, சிப் எண், தாய் தகப்பன் பதிவு எண்கள், பதிவுக் காகிதம் எந்தத் தேதிக்குள் தரப்படும், தராவிட்டால் என்ன, டிஎன்ஏ சோதனையில் பெற்றோர் பொருந்தவில்லை என்றால் எவ்வளவு பணம் திரும்பும், குட்டியைத் திருப்பித் தராமலே பணம் கேட்கலாமா. இந்தக் கடைசி வரியை விடவே விடாதீர்கள். மூன்று வாரம் வீட்டில் இருந்த குட்டியைத் திருப்பிக் கொண்டுபோய் விட யாருக்கும் மனசு வராது. அது விற்பவருக்கும் தெரியும். இனப்பெருக்கம் செய்யக் கூடாது என்ற நிபந்தனையோடு பதிவு தரப்படுகிறதா என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், பல நல்ல ப்ரீடர்கள் அப்படித்தான் தருவார்கள், அது குறையில்லை.

நேர்மையாக விற்பவருக்கு இதில் கையெழுத்துப் போடத் தயக்கம் இருக்காது. "நம்பிக்கை இல்லையென்றால் வாங்க வேண்டாம்" என்று கோபப்பட்டால், சரி என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். கையில் இருக்கும் குட்டியை விட்டுவருவது கஷ்டம்தான், தெரியும். பரிதாபப்பட்டு வாங்கினால் அந்தப் பணத்தில் அடுத்த மேட்டிங் நடக்கும்.

ஏற்கெனவே வாங்கி, இப்போது சந்தேகம் வந்தவர்கள் இனச் சோதனை ஒன்று செய்துவிடுங்கள். காகிதமும் தாய் நாயின் படங்களும் விற்பவரோடு பேசிய செய்திகளும் எதையும் அழிக்காமல் எடுத்து வையுங்கள். பதிவு பொய்யென்று தெரிந்தால் முதலில் எழுத வேண்டியது அந்தப் பதிவேட்டுக்கு, ஏனென்றால் அந்த எண்ணில் இன்னும் எத்தனை குட்டி விற்கப்படுகிறது என்று அவர்களால்தான் பார்க்க முடியும். சோதனை அறிக்கையின் நகலை உங்கள் கால்நடை மருத்துவரிடமும் கொடுங்கள். எந்த இனங்கள் கலந்திருக்கின்றன என்று தெரிந்தால், இடுப்பையா இதயத்தையா கண்ணையா, எதை எந்த வயதில் சோதிக்க வேண்டும் என்று அவர் முன்கூட்டியே திட்டம் போட முடியும்.